"என்னை நோக்கிக் கூப்பிடு": எரேமியா 33:3-ஐப் புதிதாய்ப் படிப்பவர்களுக்கு

"என்னை நோக்கிக் கூப்பிடு, அப்பொழுது நான் உனக்கு உத்தரவு கொடுத்து, நீ அறியாததும் உனக்கு எட்டாததுமான பெரிய காரியங்களை உனக்கு அறிவிப்பேன்."

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி கைக்கு வரும் வசனம் இது. காலண்டர் தாளிலும் வீட்டு நிலைப்படிக்கு மேலும் ஆட்டோவின் பின்கண்ணாடியிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். சபைக்குப் புதிதாக வந்தவர்கள்கூட ஒரு மாதத்துக்குள் இதை மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் இதற்கு அடுத்த வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால் பலரும் தயங்குவார்கள். "பெரிய காரியங்கள்" எவை என்று தேவனே எடுத்துச் சொல்லத் தொடங்குவது அந்த நான்காம் வசனத்திலிருந்துதான். அதைப் படிக்காதவர்கள் அந்த இடத்தில் தங்கள் ஆசையை வைத்து நிரப்பிக்கொள்கிறார்கள். நினைத்தது நடக்காதபோது வசனத்தின்மேலோ தங்கள் விசுவாசத்தின்மேலோ சந்தேகப்படுகிறார்கள்.

இந்த ஒரு வசனத்தை அதன் இடத்தில் வைத்துப் படித்து, பிறகு ஜெபத்தில் பயன்படுத்துவதற்கான படிகளைக் கீழே காணலாம். முழுவதையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. முக்கால் மணி நேரமாக மூன்று தடவை உட்கார்ந்தால் போதும்.

வேண்டியவை

இணைவசனங்கள் (அதே கருத்து வரும் மற்ற வசனங்களின் குறிப்புகள்) அச்சிட்ட ஒரு தமிழ் வேதாகமம். பெரும்பாலான வீடுகளில் இருப்பது 1871-இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பை ஒட்டிய பழைய பதிப்பு. மேலே கொடுத்திருக்கும் வாசகமும் அதுதான். ஒப்பிட்டுப் பார்க்க 1995-இல் வந்த திருவிவிலியமோ வேறொரு புதிய மொழிபெயர்ப்போ இருந்தால் நல்லது. ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில். ஒரு சொல் எந்தெந்த வசனங்களில் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கியப் புத்தகம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கைப்பேசி வேதாகமத்தில் தேடும் வசதி போதும். ஆனால் முதல் வாசிப்பை அச்சுப் புத்தகத்தில் செய்யுங்கள். கைப்பேசித் திரையில் வசனம் தனியாகத் துண்டுபட்டு நிற்கும். அச்சில்தான் அதற்கு முன்னும் பின்னும் இருப்பது கண்ணில் படும்.

முதல் படி: 32, 33 அதிகாரங்களைச் சேர்த்து வாசியுங்கள்

32-ஆம் அதிகாரத்தில் 44 வசனங்கள், 33-இல் 26. மொத்தம் 70. வாய்விட்டு நிதானமாக வாசித்தால் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். 33-ஐ மட்டும் வாசிப்பது போதாது. அதன் முதல் வசனமே கர்த்தருடைய வார்த்தை "இரண்டாந்தரம்" எரேமியாவுக்கு உண்டானது என்கிறது. இரண்டாம் முறை என்றால் முதல் முறை ஒன்று இருந்தாக வேண்டும். அது 32-இல் இருக்கிறது.

வாசிக்கும்போது நோட்டில் நான்கு கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதுங்கள்: யார், எங்கே, எப்போது, என்ன நிலைமை.

யார் என்பது எளிது. எருசலேமுக்கு அருகிலுள்ள ஆனதோத் ஊரைச் சேர்ந்த ஆசாரியக் குடும்பத்தில் பிறந்த தீர்க்கதரிசி எரேமியா. எங்கே என்பதற்கு 33:1 விடை தருகிறது: காவற்சாலையின் முற்றத்தில் அடைக்கப்பட்டிருக்கிறார். நகரம் பாபிலோன் ராஜாவின் கையில் விழும் என்று சொன்னதற்காக யூதாவின் ராஜா சிதேக்கியா அவரை அடைத்து வைத்திருக்கிறான் (32:3-5). எப்போது என்பதற்கு 32:1-ஐப் பாருங்கள்: சிதேக்கியாவின் பத்தாம் வருஷம், பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் பதினெட்டாம் வருஷம். நம் கணக்கில் கி.மு. 588-587 வாக்கில். எருசலேமைச் சுற்றி பாபிலோன் படையின் முற்றுகை சிதேக்கியாவின் ஒன்பதாம் வருஷத்தில் தொடங்கியது. பதினோராம் வருஷம் நான்காம் மாதம் ஒன்பதாம் தேதி மதில் உடைந்தது (39:1-2). ஆக, வசனம் பேசப்பட்டபோது நகரம் இன்னும் விழவில்லை, ஆனால் விழப்போகிறது.

நிலைமை என்ற நான்காவது கேள்விக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். 37:21-இல் ஒரு சின்னத் தகவல் இருக்கிறது. நகரத்தில் அப்பம் தீரும் வரைக்கும் எரேமியாவுக்குத் தினம் ஒரு அப்பம் கிடைத்தது. அது அப்பம் சுடுகிறவர்களின் வீதியிலிருந்து வந்தது. 33:4-ஐ வாசித்தால், எதிரியின் கொத்தளங்களை (மதிலைத் தாக்க எழுப்பிய மேடுகளை) தடுப்பதற்காக மக்கள் தங்கள் வீடுகளையும், ராஜாக்களின் வீடுகளையும்கூட இடித்துவிட்டார்கள் என்று தெரியும். "பெரிய காரியங்கள்" என்ற சொல் பசியும் இடிபாடும் சூழ்ந்த ஒரு சிறை முற்றத்தில் காதில் விழுகிறது.

இரண்டாம் படி: நிலம் வாங்கிய கதையை வரைந்து பாருங்கள்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாதீர்கள்.

32:6-15-இல் எரேமியாவின் பெரிய தகப்பன் சல்லூமின் மகன் அனாமெயேல் சிறைக்கு வந்து, ஆனதோத்திலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். நாடே எதிரியின் வசமாகிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் நிலம் வாங்குவது வெள்ளம் புகுந்த வீட்டுக்கு வெள்ளை அடிப்பதைப் போன்றது. ஆனாலும் எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். சேக்கல் என்பது அப்போது நாணயம் அன்று, எடை. ஒரு சேக்கல் ஏறக்குறைய 11 கிராம் என்று வைத்துக்கொண்டால் 190 கிராம் அளவுக்கு வெள்ளி. கிரயப்பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகள் கையெழுத்திட்டு, பாருக் என்பவரிடம் ஒப்படைத்து, அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் காத்திருந்து பழகிய நமக்கு இந்த விவரங்கள் அந்நியமாகத் தெரியாது. தேவன் சொன்னதை எரேமியா வெள்ளி எடைபோட்டு, சாட்சி வைத்து நம்பினார்.

நோட்டில் ஒரு கோடு போட்டு, இடமிருந்து வலமாக எழுதுங்கள்: நிலம் வாங்கினார் (32:6-15), ஜெபித்தார் (32:16-25), முதல் பதில் (32:26-44), இரண்டாம் அழைப்பு (33:3), இரண்டாம் பதில் (33:4-26). இந்த வரிசைதான் வசனத்தின் சாவி. எரேமியா முதலில் கீழ்ப்படிகிறார், பிறகு குழம்புகிறார், குழப்பத்தோடேயே ஜெபிக்கிறார். அந்த ஜெபத்துக்குப் பதில் வந்த பிறகும், "இன்னும் கூப்பிடு" என்று தேவன் அழைக்கிறார்.

மூன்றாம் படி: எரேமியாவின் ஜெபத்தைப் பகுத்துப் பாருங்கள்

32:16-25-ஐ மட்டும் மறுபடி வாசித்து, எரேமியா என்ன கேட்கிறார் என்று தேடுங்கள். கிடைக்காது. விண்ணப்பம் என்று சொல்லத்தக்க ஒரு வரிகூட அதில் இல்லை.

17-இல் படைப்பைச் சொல்கிறார்: "உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை." 18-19-இல் தேவனின் கிருபையையும் நீதியையும் சொல்கிறார். 20-22-இல் எகிப்திலிருந்து ஜனங்களைக் கொண்டுவந்ததை நினைவுகூர்கிறார். 23-இல் ஜனங்களின் கீழ்ப்படியாமையை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். 24-இல் கண்ணெதிரே நிற்கும் கொத்தளங்களையும் பட்டயம், பஞ்சம், கொள்ளைநோய் ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் காட்டுகிறார். 25-இல் மனதிலுள்ளதைப் போட்டு உடைக்கிறார்: நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் கொடுக்கப்படும்போது நிலத்தை விலைக்கு வாங்கு என்று சொன்னீரே! அவ்வளவுதான், ஜெபம் அங்கே நின்றுவிடுகிறது.

ஜெபிக்கப் புதிதாய்ப் பழகுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். என்ன கேட்பது என்று தெரியாத நேரத்திலும் தேவனிடம் பேசலாம். விளங்காததை விளங்கவில்லை என்றே சொல்லலாம். வேதாகமம் அதை ஜெபம் என்றே ஏற்றுக்கொள்கிறது.

இனி 32:27-ஐப் பாருங்கள். "என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுண்டோ?" எரேமியா 17-இல் சொன்ன அதே சொற்களைத் தேவன் கேள்வியாகத் திருப்பிக் கேட்கிறார். இங்கே ஒரு தமிழ்ச் சிக்கல். இன்றைய பேச்சில் "செய்யக்கூடாத" என்றால் செய்யத் தகாத என்று பொருள். பழைய மொழிபெயர்ப்பில் அதன் பொருள் "செய்ய முடியாத". எபிரெய மூலத்தில் இருக்கும் வினை, ஒருவருடைய ஆற்றலுக்கு மிஞ்சிய அதிசயமாய் இருப்பதைக் குறிக்கும். பிள்ளை பிறக்கும் என்று கேட்டு சாராள் நகைத்தபோது, "கர்த்தரால் ஆகாத காரியம் உண்டோ?" (ஆதியாகமம் 18:14) என்று வருகிறதே, அங்கும் அதே வினைதான்.

33:3-க்குப் பின்னால் நிற்கும் வல்லமை இதுவே. வசனத்தின் உள்ளே "வல்லமை" என்ற சொல் இல்லை. அதை 32-ஆம் அதிகாரத்திலிருந்தும், 33:2-இல் "இதைச் செய்கிற", "உருவேற்படுத்துகிற", "திடப்படுத்துகிற" என்று தேவன் தம்மை அறிமுகம் செய்துகொள்வதிலிருந்தும் பெற்றுக்கொள்ள வேண்டும். 33:2-இல் "இதை" என்பது எதை என்ற கேள்வி எழும். எபிரெயத்திலும் அது வெறும் "இதை"தான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அங்கே "பூமியை" என்று வாசிக்கிறது. அப்படி எடுத்தால் எரேமியா 32:17-இல் அறிக்கையிட்ட சிருஷ்டிகரே மறுபடி பேசுகிறார் என்பது இன்னும் தெளிவாகிறது.

நான்காம் படி: வசனத்தைச் சொல் சொல்லாகப் பிரியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் நோட்டில் தனி வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

"என்னை நோக்கி." ஜெபத்துக்குத் திசை உண்டு. சூழ்நிலையைப் பார்த்துப் புலம்புவதும் ஒருவரை நோக்கிப் பேசுவதும் வேறு வேறு. எரேமியாவின் ஜெபத்தில் கொத்தளங்கள் எட்டாவது வசனத்தில்தான் வருகின்றன. அதற்கு முந்தையவை தேவனையும் அவர் செய்ததையும் நோக்கியவை.

"கூப்பிடு." மூலத்திலும் இது சத்தமிட்டு அழைப்பதைக் குறிக்கும் சாதாரணச் சொல். பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுவதும் சாப்பிடப் பிள்ளையைக் கூப்பிடுவதும் இதே சொல்தான். தமிழில் தொலைவைச் சொல்ல "கூப்பிடு தூரம்" என்கிறோம். சிறை முற்றத்துக்கும் தேவனுக்கும் இடையில் அவ்வளவுதான் தூரம். சங்கீதம் 145:18 அதையே "சமீபமாயிருக்கிறார்" என்கிறது. ஆகையால் அலங்காரமான ஜெப நடை தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம்.

இந்தச் சொல்லில் இன்னொரு ஆழமும் உண்டு. இதே புத்தகத்தில் 7:16, 11:14, 14:11 ஆகிய மூன்று இடங்களில், இந்த ஜனத்துக்காக விண்ணப்பம்பண்ண வேண்டாம் என்று தேவன் எரேமியாவைத் தடுத்திருக்கிறார். அப்படித் தடுக்கப்பட்ட மனிதனிடம்தான் இப்போது "கூப்பிடு" என்கிறார். அந்த மூன்று வசனங்களையும் வாசித்துவிட்டு 33:3-க்குத் திரும்புங்கள், அழைப்பின் கனம் தெரியும்.

"அப்பொழுது." தமிழில் இது உடனே என்பதுபோல் ஒலிக்கிறது. எபிரெயத்தில் காலத்தைச் சுட்டும் சொல் இல்லை. "கூப்பிடு, நான் உனக்குப் பதில் சொல்வேன்" என்று இரண்டையும் சேர்க்கும் ஓர் இணைப்பெழுத்து மட்டுமே உண்டு. பதில் நிச்சயம், நேரம் சொல்லப்படவில்லை. பின்னால் 42-ஆம் அதிகாரத்தில் எரேமியா ஜனங்களுக்காக ஜெபித்துப் பதிலுக்குக் காத்திருந்தது பத்து நாள் (42:7).

"உத்தரவு கொடுத்து." புதிதாக வாசிக்கிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இன்று உத்தரவு என்றால் கட்டளை, அனுமதி. "அரசு உத்தரவு" என்கிறோம், "உத்தரவு வாங்கிக்கொண்டு" கிளம்புகிறோம். அந்தப் பொருளில் வாசித்தால், கூப்பிட்டால் தேவன் ஒரு கட்டளை போடுவார் என்றோ அனுமதி தருவார் என்றோ தோன்றும். வேலைக்கான உத்தரவு வரும் என்று இந்த வசனத்தைப் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் உத்தரவு என்பது உத்தரம், அதாவது மறுமொழி. சுவிசேஷங்களில் "பிரதியுத்தரமாக" என்று வருகிறதே, அதே வேர். சங்கீதம் 91:15-இலும் ஏசாயா 65:24-இலும் "மறுஉத்தரவு" என்று வருவதை ஒப்பிட்டுப் பார்த்தால் ஐயம் தீரும். நோட்டில் "உத்தரவு = பதில்" என்று எழுதி அடிக்கோடிடுங்கள்.

"நீ அறியாததும் உனக்கு எட்டாததுமான." "எட்டாத" என்பது அருமையான தமிழ். மூலத்திலுள்ள சொல் மதில் எழுப்பி அரணாக்கப்பட்டதைக் குறிக்கும், ஏற முடியாதது, நுழைய முடியாதது. உபாகமம் 9:1-இல் வானத்தையளாவும் மதிலுள்ள பெரிய பட்டணங்கள் என்று வருகிறது. அங்குள்ள "பெரிய", "மதிலுள்ள" என்ற இரண்டு சொற்களும் இங்கே "பெரிய", "எட்டாத" என்ற இரண்டு சொற்களும் எபிரெயத்தில் ஒரே ஜோடி. வெளியே எதிரி மதிலை இடிக்க மேடு கட்டுகிறான். உள்ளே, மதில் சூழ்ந்த பட்டணம்போல் மனித அறிவுக்கு அடைபட்டுக் கிடப்பதைத் திறந்து காட்டுகிறேன் என்கிறார் தேவன். சில எபிரெயக் கையெழுத்துப் பிரதிகளில் ஓரெழுத்து மாறி "மறைவானவை" என்று இருக்கிறது. ஏசாயா 48:6-இல் வருவது அந்தச் சொல்தான். இரண்டு எழுத்துகளும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். புதிய மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் "மறைபொருள்" என்ற சாயல் இருந்தால் குழம்ப வேண்டாம், காரணம் இதுதான்.

"அறிவிப்பேன்." இதைப் பென்சிலால் வட்டமிடுங்கள். வசனத்தின் கடைசி வினை செய்வேன் என்பதன்று, அறிவிப்பேன் என்பது. "பெரிய காரியங்களை உனக்குச் செய்வேன்" என்று தவறாக மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். மேடையிலும் சில சமயம் அப்படியே சொல்லப்படுகிறது. ஓர் எழுத்துப் பிழையைப்போல் இதை விட்டுவிட முடியாது. செய்வேன் என்று வாசித்தால் நம் பட்டியல் நிறைவேறுமா என்று காத்திருப்போம். அறிவிப்பேன் என்று வாசித்தால் அவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுப்போம். காது கொடுக்கிறவனுக்குத்தான் நான்காம் வசனம் தேவைப்படும்.

ஐந்தாம் படி: தேவன் என்ன அறிவித்தார் என்று பட்டியலிடுங்கள்

33:4-26-ஐ வாசித்து, "பெரிய காரியம்" என்று தோன்றும் ஒவ்வொன்றையும் நோட்டில் குறியுங்கள். பட்டியல் ஏறக்குறைய இப்படி வரும்: முதலில் கெட்ட செய்தி, இடித்த வீடுகள் பிரேதங்களால் நிரம்பும் (5). பிறகு குணமாக்குதலும் பரிபூரண சமாதானமும் (6). சிறையிருப்பைத் திருப்புதல், அதாவது சிறைபட்டுப்போனவர்களைத் திரும்பக் கொண்டுவருதல் (7). எல்லா அக்கிரமங்களையும் நீக்கிச் சுத்திகரித்து மன்னித்தல் (8). பாழாய்ப்போன தெருக்களில் மணவாளன், மணவாட்டியின் சத்தமும் துதியின் சத்தமும் மறுபடி கேட்டல் (10-11). மேய்ப்பர்கள் மறுபடி ஆடுகளை எண்ணுதல் (12-13). தாவீதுக்கு நீதியின் கிளை முளைத்தல் (15). பகலும் இரவும் மாறாததுபோல் உடன்படிக்கையும் மாறாதிருத்தல் (20-21, 25-26).

இதில் எரேமியாவின் சொந்த விடுதலை இல்லை. நகரம் தப்பும் என்ற வார்த்தையும் இல்லை. எருசலேம் பிடிபடும் நாள் வரைக்கும் எரேமியா அந்த முற்றத்திலேயே இருந்தார் (38:28). நகரம் விழுந்தது கி.மு. 587 அல்லது 586-இல். பாபிலோனுக்குச் சிறைபட்டுப்போன ஜனங்கள் திரும்பிவரப் பெர்சிய ராஜா கோரேஸ் கட்டளையிட்டது கி.மு. 538-இல். நடுவில் ஏறக்குறைய ஐம்பது வருடம். சொன்னது நடந்தது, ஆனால் எரேமியா அதைப் பார்க்கவில்லை. நீதியின் கிளை என்பது இயேசு கிறிஸ்துவில் நிறைவேறியது என்று கிறிஸ்தவர்கள் வாசிக்கிறோம், அதற்கு இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின.

எட்டாம் வசனத்திலுள்ள மன்னிப்பைப் பலர் பட்டியலில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அந்த நகரம் விழுந்ததற்குக் காரணம் பாவம் என்று இந்தப் புத்தகம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதையே முழுவதும் கழுவி, அதே இடத்தில் கல்யாணப் பாட்டைக் கேட்கச் செய்வது எந்த மதிலைவிடவும் எட்டாத காரியம். தேவவல்லமையைப் பற்றிப் பேசும்போது நோய் தீர்வதையும் கடன் அடைவதையும் மட்டும் பேசிப் பழகிவிட்டோம். இந்த அதிகாரம் மன்னிப்பையும் வல்லமையின் கணக்கில் வைக்கிறது.

ஆறாம் படி: நமக்கு இது எப்படிப் பொருந்தும் என்று பாருங்கள்

"உனக்கு" என்பது ஒருமை. முதலில் அது எரேமியாவுக்குச் சொல்லப்பட்டது. அப்படியானால் நாம் இதை உரிமை கொண்டாடலாமா? அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளவும் வேண்டாம், நமக்கில்லை என்று தள்ளவும் வேண்டாம். இதே அழைப்பு எல்லாருக்கும் சொல்லப்பட்ட இடங்களை இணைவசனங்களில் தேடுங்கள். எரேமியா 29:12-இல் சிறைபட்டுப்போன ஜனம் முழுவதுக்கும் சொல்லப்படுகிறது. சங்கீதம் 50:15-இல் "ஆபத்துக்காலத்தில் என்னை நோக்கிக் கூப்பிடு" என்று வருகிறது. சங்கீதம் 145:18 "யாவருக்கும்" என்கிறது. கூப்பிடலாம், பதில் தருவார் என்பது பொதுவானது. அந்தப் பதிலின் உள்ளடக்கம் எரேமியாவின் நாட்டுக்குரியது.

புதிய ஏற்பாட்டில் இதற்கு நல்ல துணை 2 கொரிந்தியர் 12:8-9. பவுல் தம் மாம்சத்திலுள்ள முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். பதில் வந்தது, முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்று அறிவிக்கப்பட்டது. ஜெபமும் வல்லமையும் "அறிவிப்பேன்" என்ற அந்த வினையும் ஒரே இடத்தில் சேருகின்றன.

ஏழாம் படி: வசனத்தை வைத்து ஜெபியுங்கள்

பதினைந்து நிமிடம் போதும். எரேமியாவின் வரிசையையே பின்பற்றுங்கள். முதல் ஐந்து நிமிடம் தேவன் யார், இதுவரை என்ன செய்தார் என்று சொல்லுங்கள். வேதாகமத்திலிருந்து ஒன்று, சொந்த வாழ்க்கையிலிருந்து ஒன்று. அடுத்த இரண்டு நிமிடம் குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள், பொதுப்படையாகச் சொல்லாமல் பெயர் சொல்லி. பிறகு கண்ணெதிரே நிற்கும் கொத்தளத்தைச் சொல்லுங்கள்: மருத்துவ அறிக்கை, வட்டிக் கணக்கு, பேசாமல் போன மகன். விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லுங்கள். விண்ணப்பம் இருந்தால் கேளுங்கள், வேதாகமத்தில் அதற்குத் தடையே இல்லை. கடைசி மூன்று நான்கு நிமிடம் பேசாமல், 33:6-8-ஐ மெதுவாக ஒருமுறை வாசியுங்கள்.

நோட்டில் தேதியோடு ஒரே வரியில் எழுதி வையுங்கள்: எதற்காகக் கூப்பிட்டேன். பக்கத்தில் பாதி இடத்தைக் காலியாக விடுங்கள்.

எங்கே தவறு நேர்கிறது

வசனத்தை மந்திரம்போல் நூறு முறை சொல்வது ஒன்று. திரும்பச் சொல்வதால் அதன் பலம் கூடுவதில்லை. வசனம் கூப்பிடச் சொல்கிறது, எண்ணச் சொல்லவில்லை.

"அறியாததை அறிவிப்பேன்" என்பதைக் குறி கேட்பதாக எடுத்துக்கொள்வது இன்னொன்று. பரீட்சை முடிவு, மாப்பிள்ளையின் பெயர், தொலைந்த நகை எங்கே என்று யாராவது இந்த வசனத்தைக் காட்டி வெளிப்பாடு சொன்னால், எரேமியா 28-ஐத் திறந்து வாசியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கர்த்தரின் பெயரால் ஆலயத்திலே சொன்னான். கேட்க இனிமையாக இருந்தது, ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. நாள் குறித்து நன்மை சொல்லும் எந்த வார்த்தையையும் அந்த அதிகாரத்தோடு உரசிப் பாருங்கள்.

மூன்றாவது தவறு மற்றவர்களைக் காயப்படுத்துவது. நோயாளியின் படுக்கை அருகே இந்த வசனத்தைச் சொல்லிவிட்டு, குணமாகாதபோது "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்வது. எரேமியாவுக்கு விசுவாசம் போதவில்லையா? சிறையில் இருந்துகொண்டு நிலம் வாங்கியவர் அவர். மருத்துவமனைக்குப் போகும்போது 33:1-3-ஐயும் ஆறாம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள், கையைப் பிடித்துச் சுருக்கமாக ஜெபியுங்கள், முடிவைக் குறித்து எந்த வாக்குறுதியும் கொடுக்காதீர்கள். மருந்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இந்த வசனத்திலிருந்து யாருக்கும் கிடைப்பதில்லை.

நான்காவது, பதிலைக் கேட்டுவிட்டுக் கீழ்ப்படியாமல் போவது. 42, 43 அதிகாரங்களில் ஜனத்தலைவர்கள் எரேமியாவிடம் வந்து, நன்மையானாலும் தீமையானாலும் கேட்போம் என்று உறுதி சொன்னார்கள். பத்து நாளில் பதில் வந்தது. அது அவர்கள் ஏற்கெனவே தீர்மானித்திருந்த எகிப்துப் பயணத்துக்கு எதிராக இருந்தது. உடனே எரேமியாவைப் பொய்யன் என்றார்கள். முடிவை எடுத்துவிட்டு அதற்கு முத்திரை வாங்க ஜெபிக்கிறோமா என்று நோட்டில் எழுதிய வரியைப் பார்த்து ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு மாதம் கழித்து

நோட்டைத் திறந்து, காலியாக விட்ட இடத்தைப் பாருங்கள். பதில் வந்திருந்தால் அது எந்த வடிவில் வந்தது என்று எழுதுங்கள்: நிகழ்ச்சியாகவா, வாசித்த ஒரு வசனமாகவா, ஒரு மூத்தவரின் ஆலோசனையாகவா. வராதிருந்தால் தேதியை மட்டும் எழுதி, மறுபடி கூப்பிடுங்கள். 33:1-இன் "இரண்டாந்தரம்" என்ற சொல் அதற்கு இடம் தருகிறது.

அடுத்த பயிற்சிக்கு எபேசியர் 3:20-ஐ எடுத்துக்கொள்ளலாம். நாம் வேண்டிக்கொள்வதற்கும் நினைப்பதற்கும் அதிகமாய்ச் செய்ய வல்லவர் என்று சொல்லும் வசனம் அது. அதை எழுதியவரும் கட்டுண்டிருந்தவர்தான் (3:1, 4:1). அதற்கு முன்னுள்ள 3:14-19-ஐ முதலில் வாசித்து, பவுல் அங்கே எதற்காக முழங்கால்படியிடுகிறார் என்று பட்டியலிட்டுவிட்டு, பிறகு 20-ஆம் வசனத்துக்கு வாருங்கள்.